நடு வீட்டு ஊஃபர்

என் கம்ப்யூட்டரோடு சேர்த்து வைத்த ஊஃபர் எழுப்பிய சத்தத்துக்கு, மேல் வீட்டில் வாடகைக்கு இருந்த இளம் தம்பதியைக் குற்றவாளி ஆக்கியவன் நான். அது என் வீட்டுச் சத்தம்தான் என்று தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. அதோடு நிற்காமல், அவர்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரருக்கு நானே ஃபோன் செய்து புகாரும் சொன்னேன். கல்லூரியில் இயற்பியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான், எழுபதைத் தாண்டியவன். விவரம் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

மதுரை கே.கே. நகரில் எங்களுடையது சிறிய அப்பார்ட்மென்ட். தரைத்தளத்தில் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர். அவருக்கு மேலே, முதல் மாடியில் நானும் என் மனைவியும். எங்களுக்கு மேலே அந்தத் தம்பதி. எதிர் வரிசையில் இருப்பவர்கள் இந்தக் கதைக்குள் வரவில்லை. அசோசியேஷன் செக்ரட்டரியாக யாரும் முன்வராததால் அந்தப் பதவியும் என்னிடமே இருந்தது. மத்தியானம் ரெண்டிலிருந்து நாலு வரை யாரும் சத்தம் போடக் கூடாது என்று மாடிப்படிக்குக் கீழே தொங்கிய போர்டு என் கையெழுத்தில் இருந்தது.

எனக்குச் சினிமா பிடிக்கும். தியேட்டரில் உட்கார என் முழங்கால் ஒத்துக்கொள்வதில்லை. ஏசிக் குளிர் என் மனைவிக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே தியேட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஒரு நாள் ஆட்டோவில் பெரிய அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. உள்ளே கனத்த ஒலிக்கென்று பெரிதாக ஓர் ஊஃபரும், அதைச் சுற்றிச் சின்னச் சின்ன ஸ்பீக்கர்களும் இருந்தன.

"என்னங்க இது, கோழி குஞ்சு பொரிச்ச மாதிரி இம்புட்டு இருக்கு?" என்றாள் என் மனைவி.

"ரெண்டு முன்னாடி, ஒண்ணு நடுவுல, ரெண்டு நமக்குப் பின்னாடி. பெருசு தரையில. சத்தம் நம்மளச் சுத்தி வரும்."

"ஏற்கனவே நீங்க பேசுறது சுத்திச் சுத்தித்தானே வருது."

அவள் சில நிபந்தனைகள் போட்டாள். புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ஒயர் கண்ணில் படக் கூடாது. சாமி அலமாரிக்குப் பக்கத்தில் எதையும் வைக்கக் கூடாது. அந்த அறையில் இந்த மூன்றுக்கும் உட்பட்டு ஸ்பீக்கர் வைப்பதைவிட அதைத் திருப்பிக் கொடுப்பது சுலபம். கடைசியில் பின்பக்க ஸ்பீக்கரில் ஒன்று பீரோ தலையில் ஏறியது; இன்னொன்று பழைய ஸ்டூல் மேல் ஒரு டப்பாவை வைத்து, அதன் மேல் உட்கார்ந்தது. ஒயரைப் பாய்க்கு அடியில் விட்டேன். முதல் நாளே அதில் தடுக்கியவன் நான்தான்.

அதற்குப் பிறகுதான் உண்மையான சோதனை. ஸ்பீக்கரிலிருந்து வந்த பின்கள் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு. கம்ப்யூட்டரின் முதுகில் இருந்த துளைகள் பச்சை, நீலம், ரோஸ். பச்சையைப் பச்சையில் செருகிவிட்டு மற்ற இரண்டையும் கையில் பிடித்தபடி வெகுநேரம் மேஜைக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். கூட வந்த தாளைப் படித்திருந்தால் கொஞ்ச நேரத்தில் முடிந்திருக்கும். ஆனால் இயற்பியல் வாத்தியார் ஸ்பீக்கர் மாட்டத் தாள் படிப்பதா என்றிருந்தது எனக்கு. குத்துமதிப்பாகச் செருகினேன். கம்ப்யூட்டர் திரையில் ஓர் அறையின் படம் வந்தது. அதில் ஸ்பீக்கர்கள் வரைந்திருந்தார்கள். எதை அழுத்துகிறோமோ அதிலிருந்து சத்தம் வர வேண்டும். பின்பக்க இடது ஸ்பீக்கரை அழுத்தினேன். என் மூக்குக்கு நேரே இருந்த நடு ஸ்பீக்கர் பேசியது. நடுவை அழுத்தினேன். பீரோ தலையிலிருந்து பதில் வந்தது.

"கூப்பிட்ட ஆளு வராம வேற ஆளு வருது. நம்ம சொந்தக்காரங்க மாதிரியே இருக்கு" என்றாள் மனைவி.

ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டியபின், அவள் தூங்கும் நேரம் பார்த்துத் தாளைப் படித்தேன். பழைய கம்ப்யூட்டர்களில் நீலத் துளையும் ரோஸ் துளையும் உள்ளே சத்தம் வாங்குவதற்கானவை. திரையில் அந்த அறைப் படத்தைத் திறந்ததுமே அவை சத்தம் வெளியே விடும் துளைகளாகிவிட்டன; நீலம் பின்பக்கத்துக்கு, ரோஸ் நடுவுக்கு. நான் தலைகீழாகச் செருகியிருந்தேன். இரண்டு பின்களையும் இடம் மாற்றிச் செருகினேன். கூப்பிட்ட ஆள் வந்தார்.

ஆனால் பழைய பாட்டுகளைப் போட்டால் முன்னால் இருந்த இரண்டும் மட்டுமே பாடின. பின்னால் இருந்தவை வாயைத் திறக்கவே இல்லை. பந்தியில் இடம் பிடித்து வைத்தவர்கள்போல் சும்மா உட்கார்ந்திருந்தன. ஸ்பீக்கர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தப் பாட்டுகளைப் பதிவு செய்தபோதே பின்பக்கத்துக்கென்று தனியாக எதுவும் பதியவில்லை. எல்லா ஸ்பீக்கருக்கும் தனித்தனியாகச் சத்தம் பிரித்து வைத்த படம் வேண்டும். அப்படி ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டேன். காட்டில் மழை பெய்யும் காட்சி. அடுப்படியில் இருந்த என் மனைவி, "ஐயோ, வத்தல்!" என்று கத்திக்கொண்டே மொட்டைமாடிக்கு ஓடினாள். காயப்போட்டிருந்த வத்தலை எல்லாம் வாரிச் சேலைத் தலைப்பில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தவள், நான் நாற்காலியில் சாய்ந்து சிரிப்பதைப் பார்த்தாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாட்டில் வத்தல் கிடைக்கவில்லை.

அந்தப் பெருமையில்தான் ஊஃபரைச் சுவர் மூலைக்குத் தள்ளினேன். மூலையில் வைத்தால் அதன் அதிர்வு கூடும். கனத்த ஒலியின் அலை மிகவும் நீளமானது. சுவரையும் தளத்தையும் தாண்டிப் போகும். எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிப்பது கஷ்டம். சின்ன ஸ்பீக்கர்களை இடம் பார்த்து வைக்க வேண்டும், ஊஃபரை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்பது இதனால்தான். வேலையில் இருந்தவரை வருஷம் தவறாமல் கரும்பலகையில் இதை எழுதியிருக்கிறேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டுப் படம் போடுவேன். சத்தம் வெளியே போகாது என்று நம்பினேன். பாடம் ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம்.

சில நாளில் கீழ் வீட்டுக்காரர் வந்தார்.

"சார், மத்தியானம் கண்ண மூட முடியல. தலைமாட்டுல யாரோ உலக்கை குத்துறாப்ல இருக்கு."

"எங்க இருந்து வருது?"

"வேற எங்க? மேல புதுசா வந்திருக்காகளே, அவுகதான். நடுவுல நீங்க ரெண்டு பேரும் இருக்கிற எடமே தெரியாது."

அந்த நிமிஷம் எனக்கு உண்மையிலேயே சந்தேகம் வரவில்லை. ஆனால் அவர் சொன்னதை அவ்வளவு சுலபமாக நான் ஏன் நம்பினேன் என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் வயதில் சின்னவர்கள், வாடகைக்கு வந்தவர்கள், கோரிப்பாளையத்தில் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்து வந்த முஸ்லிம்கள். நாங்கள் இருவரும் கடைசிக் காரணத்தை வாயால் சொல்லவில்லை. சொல்லாமலே அதுவும் சேர்ந்து வேலை செய்தது.

செக்ரட்டரி என்ற தோரணையோடு மாடி ஏறினேன். கதவைத் திறந்த அந்தத் தம்பி கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவர். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர் போலும், கண் சிவந்திருந்தது. உள்ளே வரச் சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவருடைய மனைவி அடுப்படி வாசலில் நின்றார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க வீட்டுல டிவியே இல்லயே சார்" என்றார் அந்தப் பெண். "ரேடியோகூடக் கெடையாது. மிக்ஸி ஒண்ணுதான். அதையும் இவரு தூங்கையில போட மாட்டேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அப்போது காலுக்கு அடியிலிருந்து வந்தது. தொம், தொம், தொம்.

"இந்தா! இதுதான் சார்!" என்றார் அந்தப் பெண். "நல்ல நேரத்துல வந்தீங்க, நீங்களே கேளுங்க. இவருக்கு ஒரு வாரமாத் தூக்கமே இல்ல. நாங்களும் உங்ககிட்ட கம்ப்ளெயின்ட் குடுக்கணும்னுதான் பேசிக்கிட்டிருந்தோம். கிரவுண்ட் ஃப்ளோர் சார்தான் ஏதோ மெஷின் வாங்கிப் போட்டிருக்காருன்னு நெனச்சோம்."

நான் படத்தை நிறுத்தி வைத்துவிட்டு வந்திருந்தேன். என் மனைவி கீபோர்டைத் துடைத்திருக்கிறாள். படம் ஓட ஆரம்பித்துவிட்டது. காட்சிகூட எனக்கு அடையாளம் தெரிந்தது. வீரர்கள் அணிவகுத்து வருகிற இடம். உள்ளங்காலில் அதன் துடிப்பு ஏறியது. எல்லாம் விளங்கிவிட்டது.

அப்போதே சிரித்துக்கொண்டு, "அடடா, இது என் வீட்டுக் கூத்து" என்று சொல்லியிருந்தால் மூன்று பேருமே சிரித்திருப்போம். நான் எழுந்து, "விசாரிக்கிறேன்" என்றேன். விசாரிக்க ஒன்றும் பாக்கியில்லை என்று தெரிந்தே சொன்னேன். படியில் இறங்கும்போது நான் எழுதிய போர்டு ஞாபகத்துக்கு வந்தது. பயந்தது அதற்குத்தான்.

கீழ் வீட்டுக்காரரிடம், "சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றேன். வீட்டுக்கு வந்து ஊஃபரின் சத்தத்தைக் குறைத்தேன். சத்தம் நின்றது. அது அவர்கள் மேல் இருந்த பழியை உறுதிப்படுத்தியது.

"நீங்க ஒரு அதட்டு அதட்டினதும் அடங்கிருச்சு பாத்தீகளா!" என்றார் கீழ் வீட்டுக்காரர். நான் அதையும் கேட்டுக்கொண்டேன்.

குறைத்து வைத்ததில் படம் சப்பென்றிருந்தது. நாளுக்குக் கொஞ்சமாக ஊஃபரின் குமிழைத் திருகித் திருகிப் பழைய இடத்துக்கே கொண்டுபோனேன். மறுபடியும் அவர் வந்தார். இம்முறை கோபமாக.

"இது சரிப்படாது சார். ஓனருக்கு ஃபோன் போட்டுச் சொல்லுங்க. நீங்க சொல்றீகளா, நான் சொல்லவா?"

அவர் பேசினால் அதிகமாகப் பேசுவார், நான் பேசினால் பதமாகப் பேசலாம் என்று எனக்கு நானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டு, சென்னையில் இருந்த வீட்டுச் சொந்தக்காரருக்கு ஃபோன் செய்தேன். பதமாகத்தான் பேசினேன். "கொஞ்சம் சத்தம், மத்தவங்களுக்குத் தொந்தரவு" என்றேன். அவர் கேள்வியே கேட்கவில்லை. "புரொஃபசர் நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். மாசக் கடைசியில காலி பண்ணச் சொல்லிர்றேன்" என்றார்.

என் மனைவி பக்கத்தில்தான் இருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அலமாரியில் அவள் வைத்திருந்த டம்ளர்கள்தான் முதலில் நடுங்கின.

"நம்ம வீட்டு எழவுச் சத்தத்துக்கு அந்தப் பிள்ளைக ஏன் வீட்டக் காலி பண்ணணும்?" என்றாள்.

"சும்மா இரு. பேசித்தானே இருக்கேன்."

அதற்கப்புறம் அவள் அந்த அறைக்குள் வரவில்லை. எனக்கு மட்டும் சுற்றிச் சுற்றிச் சத்தம் கேட்டது.

அவர்கள் வீடு தேட ஆரம்பித்தார்கள். ஒரு இடத்தில் வாசலிலேயே பெயரைக் கேட்டுவிட்டு, வேறு ஆளுக்குச் சொல்லியாகிவிட்டது என்றார்களாம். இன்னொரு இடத்தில் கறி சமைக்கக் கூடாது என்றார்களாம். இதெல்லாம் அந்தத் தம்பி படியில் என்னைப் பார்த்தபோது சொன்னது. சொல்லிவிட்டு, "ஒரு வீடு அமையிற மாதிரி இருக்கு சார், இன்ஷா அல்லா. இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க, யாரு உங்களப் பத்திச் சொல்லுவாங்கன்னு கேட்டாங்க. உங்க நம்பரத்தான் குடுத்திருக்கேன். நாலு வார்த்தை நல்லதாச் சொல்லுங்க" என்றார்.

சாயங்காலம் அந்த வீட்டுக்காரரிடமிருந்து ஃபோன் வந்தது. குரலில் கறார் தெரிந்தது.

"நீங்க அசோசியேஷன் செக்ரட்டரிதானே? அந்தப் பையன் குடும்பம் எப்படி? சத்தம் கித்தம் போட்டதாலதான் காலி பண்றாகன்னு கேள்விப்பட்டேன்."

நல்லவர்கள், அமைதியானவர்கள் என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். வீடு கிடைத்திருக்கும், என் மானமும் தப்பியிருக்கும். அப்படித்தான் சொல்லவும் ஆரம்பித்தேன். ஆனால், "அப்ப ஏன் காலி பண்ணச் சொன்னாக?" என்று அவர் அடுத்த கேள்வியைப் போட்டதும் என்னிடம் பொய் தீர்ந்துபோயிருந்தது.

"சத்தம் போட்டது நான்" என்றேன்.

"என்னது?"

"என் வீட்டு ஸ்பீக்கர். அவங்க மேல பழி விழுந்துச்சு. நான் சொல்லாம இருந்துட்டேன்."

"சார், உங்களுக்கு எம்புட்டு வயசாகுது?" என்று கேட்டார். சொன்னேன். "சரி வைங்க" என்று வைத்துவிட்டார்.

முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்ன பிறகு தெரிந்தவர்களிடம் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. உடனே சென்னையில் இருந்த ஓனருக்கு ஃபோன் போட்டேன். "சார், போன தடவையும் நீங்கதானே கம்ப்ளெயின்ட் பண்ணீங்க?" என்று குழம்பினார். "போன தடவையும் நான்தான், சத்தமும் நான்தான்" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "அவங்க இருக்கிறதா இருந்தா இருக்கட்டும், ஆனா மன்னிப்பு நீங்கதான் கேக்கணும்" என்றார்.

கீழ் வீட்டுக்காரர் மட்டும் நம்பவே இல்லை.

"நல்ல மனசு சார் உங்களுக்கு. அந்தப் பிள்ளைகளக் காப்பாத்தப் பழிய உங்க மேல போட்டுக்கிறீக."

நான் அவரைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, ஃபோனைக் காதில் வைத்துக்கொள்ளச் சொல்லி, மேலே வந்து படத்தைப் போட்டேன்.

"கேக்குதா?"

"உலக்கை!"

நிறுத்தினேன். "இப்ப?"

"நின்னுருச்சு."

மறுபடியும் போட்டேன். இறங்கிப் போனால் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "அந்தப் பிள்ளை படியில சலாம் சொல்லும்போதெல்லாம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனேனே அய்யா. என்னையும் சேத்துல்ல கெடுத்துட்டீக" என்றார்.

மேல் வீட்டுக்கு என் மனைவியும் வந்தாள். நான் நின்றுகொண்டே முழுவதையும் சொன்னேன். தம்பி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அன்னைக்கு இங்க ஒக்காந்திருந்தப்பவே உங்களுக்குத் தெரியும்ல சார்?"

"தெரியும்மா."

அவர் உள்ளே போய்விட்டார். தம்பிதான் டீ போட்டுக் கொடுத்தார். ஓனரிடம் பேசிவிட்டேன், இங்கேயே இருக்கலாம் என்றேன். "அவகிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன் சார்" என்றார். செக்ரட்டரி பதவியை விட்டுவிட்டேன். போர்டையும் கழற்றப் போனேன். போர்டு இருக்கட்டும், அதில் தப்பில்லை என்றார்கள் மற்றவர்கள்.

சில நாள் கழித்து அந்தப் பெண்ணே எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"இருக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். ஆனா ஒண்ணு. எங்களுக்குத் திட்டு வாங்கிக் குடுத்த சத்தத்த நாங்க ஒழுங்காக் கேட்டதே இல்ல. தொம்மு தொம்முன்னு கால்லதான் கேட்டோம். ஞாயித்துக்கெழம வாரோம். முழுசாப் போட்டுக் காட்டணும்."

வந்தார்கள். கீழ் வீட்டுக்காரரும் வந்தார். என் மனைவியும் வெகுநாளைக்குப் பிறகு அறைக்குள் வந்து உட்கார்ந்தாள். எங்கே உட்கார்ந்தால் எல்லா ஸ்பீக்கரும் சமமாகக் கேட்குமோ, அந்த நாற்காலியை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தேன். ஊஃபரை மூலையிலிருந்து இழுத்து, கனமான ரப்பர் மிதியடி மேல் வைத்திருந்தேன். படத்தில் மழை பெய்தபோது அந்தப் பெண் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். என் மனைவிக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். சண்டைக் காட்சி உச்சத்தில் இருக்கும்போது, மத்தியானத் தூக்கத்துக்காக இத்தனை நாள் போராடிய கீழ் வீட்டுக்காரர் நாற்காலியிலேயே குறட்டை விட்டார். தம்பிதான் முதலில் சிரித்தார்.

படம் முடிந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அந்தப் பெண். எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, "இவ்வளவு நல்லா இருக்கிறத ஒருத்தரே கதவச் சாத்திக்கிட்டுப் பாத்தா எப்படி சார்?" என்றார். பிறகு என் மனைவியிடம், "போயிட்டு வாரேன் ஆன்ட்டி" என்று சொல்லிக்கொண்டு போனார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

இப்போது தம்பிக்குப் பகல் ஷிஃப்ட் இருக்கும் வாரங்களில், சாயங்காலம்தான் படம். எந்த வாரம் என்று அவரே வந்து சொல்லிவிட்டுப் போவார். பிடித்த படமென்றால் வந்து உட்காரவும் செய்வார். அந்தப் பெண்ணுக்கு என் மனைவியோடு நல்ல பழக்கம். வத்தல் காயப்போடுவது இப்போது இருவரும் சேர்ந்துதான். படியில் அந்தப் பெண் எதிர்ப்பட்டால் நான்தான் முதலில் வணக்கம் சொல்வேன். சில நாள் நின்று இரண்டு வார்த்தை பேசுவார். சில நாள் தலையை மட்டும் அசைத்துவிட்டு ஏறிப் போய்விடுவார். அது ஏன் என்று நான் கேட்டதில்லை.